வறுத்த மண்

திருகோணமலை
12.03.1996

அன்புள்ள தம்பி ஞானசேகரத்துக்கு,

நாங்கள் சுகம். உனக்குப் பத்திரகாளி துணை. யானைக்கால் புழுவுக்கு மருந்து தேட நீ கேட்ட மண் இத்துடன் வருகிறது. சண்டையில் ஓடி வந்து ஆறு வருசத்துக்குப் பிறகு, ஆமி தந்த ஒரேயொரு பகல் அனுமதியில் எங்கள் ஊர் திரியாய்க்குப் போய் வந்தேன். வீட்டுக்குக் கூரை இல்லை. காகம்கூடக் கத்தவில்லை. கிணற்றடியில் நின்ற கறிவேப்பிலைக் கன்றைத் தவிர ஒரு சீவன் இல்லை தம்பி. அதை வேர்மண்ணோடு கிண்டி வந்து வெறும் பால்மா ரின்னில் நட்டு வைத்திருக்கிறேன்.

சீமைக்குப் போகிற சாமானை ஊத்தையாய் அனுப்புவேனோ? அரித்து, கோப்பி வறுக்கிற தாச்சியில் நன்றாக வறுத்திருக்கிறேன்.

அக்கா பாக்கியரத்தினம்

லிவர்பூல்
02.04.1996

அன்புள்ள அக்கா,

சிரிப்பதா அழுவதா! நான் தேடுவது மண்ணில் வாழும் கிருமிகளை. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒரு கரண்டியில் கோடிக்கணக்கு. அவை சுரக்கும் நஞ்சிலிருந்துதான் மருந்து எடுக்கலாம். அத்தனையையும் வறுத்துவிட்டீர்களே!

இப்போதுள்ள மருந்துக் குளிசை குஞ்சுப் புழுக்களைத்தான் கொல்லும், தாய்ப்புழு சாகாது. ஏழைகளின் நோய் என்று கம்பனிகளும் மருந்து தேடுவதில்லை. ஆனியோடு எங்கள் ஆய்வுகூடத்தின் தேடலையும் நிறுத்தப் போகிறார்கள். இன்னொருக்கால் போக ஏலுமா?

தம்பி

திருகோணமலை
05.05.1996

தம்பி,

உன் கடிதம் கண்டு சோறு இறங்கவில்லை. கோடி உயிரை வறுத்த பாவி ஆனேனே!

இனிப் போக ஏலாது, பாதை பூட்டியாச்சு. கன்றின் வேரில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டி அனுப்புகிறேன். பக்கத்து வீட்டுப் புஸ்பராணி, "அக்கா, விசரே உங்களுக்கு? கன்று பட்டுப்போகும்!" என்று ஏசினாள். ஊரிலிருந்து எனக்கு மிஞ்சினது அது ஒன்றுதான். ஆனாலும் சுரண்டிவிட்டேன்.

அக்கா

லிவர்பூல்
20.08.1996

அன்புள்ள அக்கா,

உங்கள் வேர்மண்ணில் ஒரு கிருமி இருந்தது. அதன் சாறு விட்ட கிண்ணத்தில் தாய்ப்புழு அசையவில்லை. மூன்று தரம் பார்த்தோம், மூன்று தரமும் அப்படியே. எங்கள் பேராசிரியர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அதனால் தேடலை நிறுத்தவில்லை. மருந்தாக வரப் பத்து வருசம் ஆகலாம், வராமலும் போகலாம். ஆனாலும் அக்கா, கிண்ணத்தில் 'திரியாய்' என்று தமிழிலேயே எழுதி ஒட்டினேன்.

கன்று எப்படி?

தம்பி

திருகோணமலை
15.09.1996

என் தம்பிக்கு,

கன்று பட்டுப்போச்சு. இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் உன் கடிதம் வந்தது.

ஒரு சீவன் இல்லையென்று உனக்கு எழுதினவள் நான்! என் காலுக்குக் கீழே கோடி சீவன் இருந்திருக்கிறது, அம்மாளே! நாங்கள்தான் ஓடி வந்தோம். அதுகள் ஒன்றும் ஊரை விட்டுப் போகவில்லை.

ரின்னில் மிச்ச மண் கிடக்கிறது. "வெறும் ரின்னுக்கு ஏன் தண்ணி ஊத்துறியள்?" என்று புஸ்பராணி கேட்கிறாள். நான் விடியத்தோறும் ஊற்றுகிறேன்.

அக்கா