எடுத்துக் கொடுத்த வசனம்

7 மார்ச் 2004, ஞாயிறு

பங்குனிப் பொங்கலுக்கு நான் எழுதிய நாடகத்தை ஊர்க் கமிட்டி ஒத்துக்கொண்டது. பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் மனைவியைச் சந்தேகப்பட்டு அடிக்கிறான் ஒருவன். கடைசியில் தெருவே பார்க்க அவளிடம் மன்னிப்புக் கேட்கிறான். அவ்வளவுதான் கதை.

யாரைப் பார்த்து எழுதினேன் என்று ஊருக்குத் தெரியும். தை மாதம் நாரணாபுரத்திலிருந்து வரும் வழியில் கம்பெனி பஸ் பஞ்சர். நானும் அதே கம்பெனிதான்; அன்று வேலைக்குப் போகவில்லை. மதினி இருட்டிய பிறகு வந்தாள். "எவன்கூட நின்ன?" என்று கேட்டு வாசலில் வைத்தே அடித்தான் அண்ணன். மறுநாளே வேலைக்கும் அனுப்பினான். சம்பளம் வேண்டுமே!

அந்த அண்ணன்தான் கதாநாயகன். ஊரில் அவனுக்குத்தான் கணீரென்ற குரலாம். கதை தன்னுடையது என்றுகூட அவனுக்கு உறைக்கவில்லை. கதாநாயகி மதுரையிலிருந்து வருகிறாள். ஊர்ப் பெண்கள் மேடை ஏறக் கூடாது. எனக்குப் படுதாவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை. எழுதினவளுக்கு அதுதான் மரியாதை.

16 மார்ச், செவ்வாய்

அண்ணனுக்கு ஒரு வரிகூட மனதில் நிற்கவில்லை. நான் சொல்லச் சொல்ல அப்படியே திருப்பிச் சொல்கிறான். என்ன சொல்கிறோம் என்ற நினைப்பே கிடையாது. "நீ இருக்கும்போது எனக்கென்ன புள்ள" என்று சிரிப்பு வேறு.

28 மார்ச், ஞாயிறு

முடிவை மாற்றிவிட்டார்கள். கமிட்டித் தலைவர் தங்கச்சாமி மாமா சொல்கிறார்: "ஆம்பள மன்னிப்புக் கேட்டா சனம் சிரிக்கும்மா. அவ கால்ல விழட்டும். பொம்பளைக அழுவாக." அண்ணன் நன்றாகத் தலையாட்டினான்.

அடி வாங்குனவ எதுக்குய்யா கால்ல விழணும்? கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். ஒத்திகை பார்க்க வந்திருந்த மதினி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

29 மார்ச்

வெடிக்குச் சுற்றும் தாளையெல்லாம் கிழித்துவிட்டு ஃபோர்மேனிடம் ஏச்சு வாங்கினேன்.

8 ஏப்ரல், வியாழன்

நேற்று நாடகம். செய்துவிட்டேன்.

கடைசிக் காட்சியில் மதுரைக்காரி பொன்னுத்தங்கம் அக்கா, அண்ணன் காலில் விழக் குனிந்தாள். நான் படுதா மறைவிலிருந்து, "எந்திரி. தப்பு உன்மேல இல்ல" என்றேன். அண்ணன் அதை மைக்கில் கணீரென்று சொன்னான். அடுத்ததை எடுத்துக் கொடுத்தேன்: "உன்ன வாசல்ல வச்சு அடிச்சவன் நான். இம்புட்டுச் சனத்துக்கு முன்னால மன்னிப்புக் கேக்கேன்." அதையும் சொன்னான். கையெடுத்துக் கும்பிட்டது மட்டும் அவனாகச் செய்தது.

பொன்னுத்தங்கம் அக்கா ஒரு நொடி முழித்தாள். மேடையில் பழகினவள் அல்லவா, உடனே அழ ஆரம்பித்துவிட்டாள். ஒரே கைதட்டல். பெண்கள் பக்கம் மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தங்கச்சாமி மாமா என்னைத் திட்ட வந்தார். அதற்குள் சனம் மேடையேறி அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தியது. அவரும் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

9 ஏப்ரல், வெள்ளி

அந்தப் பொன்னாடையோடு டீக்கடைக்குப் போய்வந்தான்! சாப்பிட உட்கார்ந்ததும், "எம்புட்டுப் பேரு அழுதாக பாத்தியா?" என்றான் மதினியிடம். அவள் சோற்றை வைத்துவிட்டு, "அங்கன சொன்னத இங்கன ஒரு தடவ சொல்லுங்க" என்றாள்.

"அது நாடகம்ல!"

சிரிக்கிறான், பாவி. எனக்குத் தட்டைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. மதினி ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு ஆமத்தூரிலுள்ள தன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன்.

18 ஏப்ரல், ஞாயிறு

அண்ணன் இரண்டு தடவை ஆமத்தூர் போய் வெறுங்கையோடு திரும்பிவிட்டான். "வா போலாம்" என்பதற்கு மேல் வாய் வரவில்லையாம்.

இன்று என்னிடம் வந்து, "நீயும் வா புள்ள. கதவு மறைவுல நின்னு அத எடுத்துக் குடு. நான் சொல்லிருதேன்" என்கிறான். விளையாட்டில்லை. கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரல. வரலன்னா என்ன செய்ய?

"அடிக்கும்போது யாருண்ணே எடுத்துக் குடுத்தா?" என்று கேட்டேன். எழுந்து வெளியே போய்விட்டான்.

3 மே, திங்கள்

மதினி இப்போது கம்பெனி பஸ்ஸில் ஆமத்தூரில் ஏறுகிறாள். அண்ணன் நேற்றும் வந்தானா என்று கேட்டேன்.

"வந்தாக. ஒரு செம்புத் தண்ணியக் குடிச்சாக. 'நான் செஞ்சது...'ன்னு ஆரம்பிச்சாக. அப்புறம் என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னாக."

"நீங்க என்ன செஞ்சீக?"

"நான் எடுத்துக் குடுக்கல" என்றாள்.