உன் பார் பிழைத்துக்கொண்டது

என் அருமைச் சேகரா,

உன் பவளப் பார் சாகவில்லையடா! இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். போன வாரம் நானே கடலில் இறங்கிக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆமாம், தண்ணீரைக் கண்டாலே நடுங்குகிறாள் என்று நீ கேலி செய்வாயே, அந்த அக்காதான். நீ போன பிறகு கடலே இல்லாத இந்த மல்காஜ்கிரியிலேயே நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். "டரோ நக்கோ ஆன்ட்டி, பயப்படாம காலை அடிங்க!" என்று பயிற்சி தந்த பெண் கத்திக்கொண்டே இருப்பாள்.

கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டுக்கு நம் தூத்துக்குடி வீட்டில் பார் என்றுதான் பேச்சு. இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். உனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "வருஷத்துல பாதி நாள் பார்லதான் கெடப்பேன் மாமா" என்று பவள ஆராய்ச்சியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாய். "நக்கோப்பா, குடிக்கிற பையனுக்கு நாங்க பொண்ணு தர்றதில்ல" என்று பெண்ணின் அப்பா எழுந்தே விட்டார். இப்போது நினைத்தாலும் சிரித்து மாளவில்லை.

கடைசியாகப் போய் வந்தபோது நீ சிரிக்கவில்லை. கடல் சூடேறிப் பவளமெல்லாம் வெளுத்திருந்தது. "எல்லாம் செத்துப்போச்சுக்கா" என்று ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். அந்தத் துக்கத்தோடேயே நீ போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீ ஆராய்ச்சி செய்த அதே லட்சத்தீவில், ஆள் இருக்கும் தீவை விட்டு நானும் படகுக்காரரும் படகில் நெடுந்தூரம் போனோம். கருநீலக் கடலுக்கு நடுவில் பச்சையாக ஒரு வளையம், அதைச் சுற்றி அலை உடையும் வெள்ளைக் கோடு, ஆலாப் பறவைகள் உட்காரும் ஒரு மணல்திட்டு. நிலமென்று இருந்தது அவ்வளவுதான்.

இறங்கியதும் உடைந்த பவளத் துண்டுகள்தான் கிடந்தன. இன்னும் கொஞ்சம் நீந்தி, தரை செங்குத்தாக இறங்கும் விளிம்புக்குப் போனேன். மான்கொம்புப் பவளம், சேகரா! செத்ததன் மேலேயே புதிதாகக் கிளைவிட்டு, நுனியெல்லாம் ஊதா நிறம். கிளிமீன்கள் பாறையைக் கொறிப்பது முறுக்குத் தின்கிற மாதிரி காதில் கேட்டது. என் நிழல் விழுந்ததும் ஒரு ராட்சதச் சிப்பி பட்டென்று மூடிக்கொண்டது. ஆமை ஒன்று என்னைச் சட்டைசெய்யாமல் போயிற்று.

வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டு, "ஜெயிச்சுட்டடா!" என்று கத்தினேன். நான் மூழ்குகிறேன் என்று பயந்து படகுக்காரர் கயிற்றை வீசினார்.

இதை உனக்கு யார் வந்து சொல்வார்கள்?

கடல் மறுபடியும் சூடேறும், பவளம் மறுபடியும் வெளுக்கும், தெரியும். அப்போதும் போவேன். விளிம்பு வரைக்கும் நீந்திப் பார்க்காமல் உன் பாரைச் செத்ததென்று யாரையும் சொல்ல விடமாட்டேன். நீயே வந்து சொன்னாலும் சரி.

வெயிலில் முதுகுத் தோல் உரிந்தும் பெருமை அடங்காத,
உன் அக்கா