வலப்பக்கமாகப் படுப்பவளுக்கு ஒரு மெத்தை

சேசு மரி சூசை துணை

லம்பா லைன், போர்ட் பிளேர்
4.6.2024

கிரேசிக்கு,

பீட்டருடைய அம்மா எழுதுறது. பதினெட்டு வருஷம் கழிச்சு என் கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே, யாரும் சாகவில்லை. ஒரு மெத்தை விஷயம் கேட்கத்தான் எழுதுறேன், வேறொன்றும் இல்லை.

நீ குலசேகரத்தில் ரப்பர் பால் மெத்தை செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறதாக முட்டத்துக்காரன் ஒருத்தன் சொன்னான். சுஜிதாவுக்கு ஏப்ரலில் வயிற்றில் ஆபரேஷன் ஆச்சு. இடது பக்கம் தையல். மல்லாந்தால் மூச்சு முட்டுது. வலது பக்கம் ஒருக்களிச்சு மட்டும்தான் படுக்கிறாள். இங்கே இருக்கிறது தேங்காய்நார் மெத்தை, தோளும் இடுப்பும் சிவந்து போகுது. அவளுக்கு எது ஒத்துக்கும் என்று எழுது. போன் பண்ணாதே. எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். அவள் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள்.

பிள்ளையை நான் ஒரு குறையும் இல்லாமல்தான் வளர்த்திருக்கிறேன். பி.காம். முடிச்சு கப்பல் ஆபீசில் வேலை. இந்தியும் பெங்காலியும் தண்ணி மாதிரி பேசுவாள். இதை உனக்குச் சொல்லணும் என்று இல்லை, சொன்னேன்.

இப்படிக்கு
சூசையம்மாள்


குலசேகரம்
13.6.2024

மரியாதைக்குரிய மாமிக்கு,

உங்கள் கவரைப் பிரிக்க எனக்கு அரை நாள் ஆனது. உள்ளே என் கடிதம்தான் திரும்பி வந்திருக்கும் என்று நினைத்தேன். சுஜிக்கு நான் எழுதியதெல்லாம் அப்படித்தானே வந்தது.

பழசைக் கிளறவில்லை. பீட்டரைக் கடல் கொண்டுபோன மறுவருஷம் என் அப்பா எனக்கு இன்னொரு கல்யாணம் பேசினார். "இன்னொரு புருஷன் வேணும்னா பிள்ளையை வச்சிட்டுப் போ" என்றீர்கள். ஆறு வயசுப் பிள்ளையை வைத்துவிட்டுப் போனவள் நான்தான். அதில் உங்களைச் சொல்ல ஒன்றுமில்லை.

மெத்தைக்கு வருகிறேன். ஒருக்களித்துப் படுக்கிறவர்களுக்குத் தோளும் இடுப்பெலும்பும் மெத்தைக்குள் இறங்க வேண்டும், இடுப்பு வளைவைக் கீழிருந்து தாங்கவும் வேண்டும். கனமான உடம்பு தானே அமுக்கி இறங்கிவிடும். எடை குறைந்த உடம்பு அமுக்காது, மேலேயே நிற்கும், எலும்பு மட்டும் வலிக்கும். அவர்களுக்கு மெத்தைதான் இளகிக் கொடுக்கணும். எங்களிடம் கெட்டி, நடுத்தரம், இளக்கம் என்று மூன்று உண்டு. எடை தெரியாமல் நான் எதையும் கையில் எடுக்க மாட்டேன். அவள் எத்தனை கிலோ? உயரம் என்ன? கட்டில் பலகையா, சட்டமா?

அவள் எப்படி இருக்கிறாள்?

கிரேசி


லம்பா லைன்
24.6.2024

கிரேசிக்கு,

நல்லா இருக்கிறாள். எடை ஐம்பது கிலோ. என் கையால் சூரை மீன் குழம்பு தின்று வளர்ந்த பிள்ளை, குறையுமா? உயரம் அஞ்சடி ரெண்டு அங்குலம். கட்டில் பீட்டர் தன் கையால் செய்த படாக் மரக் கட்டில், அடியில் முழுப் பலகை, மூணுக்கு ஆறேகால் அடி.

விலையைச் சொல்லு. உன்னிடம் நான் சும்மா வாங்க மாட்டேன்.

சூசையம்மாள்


குலசேகரம்
3.7.2024

மரியாதைக்குரிய மாமிக்கு,

ஐம்பது கிலோ என்றால் நடுத்தரம் சரியாக இருக்கும். ஆறு அங்குலம், நானே பக்கத்தில் நின்று வெட்டி வாங்கினேன். சுருட்டிக் கட்டி லாரியில் சென்னைக்குப் போய்விட்டது, அங்கிருந்து சரக்குக் கப்பல். வந்ததும் ஒரு நாள் விரித்து வையுங்கள், ரப்பர் வாடை போகும். வெயிலிலே போடாதீர்கள். தலையணையும் உள்ளே வைத்திருக்கிறேன். தோளுக்கும் காதுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி நிரம்பினால் போதும், கழுத்து வலிக்காது.

விலை வேண்டாம். அதற்குப் பதிலாக ஒன்று. யார் அனுப்பினது என்று சுஜியிடம் சொல்லுங்கள். அவ்வளவுதான். அம்மா என்றுகூடச் சொல்ல வேண்டாம், கிரேசி என்றால் போதும். நான் அவளை மறந்துவிட்டேன் என்று அவள் நினைத்திருந்தால், அது மட்டும் மாறட்டும்.

கிரேசி


லம்பா லைன்
6.8.2024

கிரேசிக்கு,

மெத்தை வந்தது. கப்பல் பன்னிரண்டு நாள் தாமதம். ஹாடோ வார்ஃபில் இருந்து பக்கத்து வீட்டுச் சிலுவைராஜ் தன் ஆட்டோ மேல் கட்டிக்கொண்டு வந்தான். "மௌசி, யாருக்குக் கல்யாணம்?" என்று தெருவெல்லாம் கேட்கிற மாதிரி கத்தினான், எருமை.

நீ சொன்னபடி சுஜியிடம் சொல்லிவிட்டேன். "அப்படியா" என்றாள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், உன் கம்பெனியில் விற்காததை எங்கள் தலையில் கட்டினாயா? பழைய நார் மெத்தைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்கிறாள். நாலாம் நாள் இடுப்பில் தோல் கிழிந்துவிட்டது. தோள் பட்டையில் ஒரு ரூபாய் அளவுக்குக் கருத்திருக்கிறது. தெரிந்தவள், கைத்தொழில் பார்க்கிறவள் என்று உன்னைக் கேட்டேன் பார், என்னைச் சொல்லணும்.

சூசையம்மாள்


குலசேகரம்
16.8.2024

மாமிக்கு,

அந்த மெத்தையை அனுப்புவதற்கு முன் வலப்பக்கம் ஒருக்களித்து நானே ஒரு மணி நேரம் படுத்துப் பார்த்தேன். நான் ஐம்பத்திரண்டு கிலோ. என் தோள் இறங்கியது, இடுப்பு இறங்கியது. எழுந்து வர மனசில்லாமல் கிடந்தேன். ஐம்பது கிலோ பிள்ளைக்கு அதில் தோல் கிழியாது.

பன்னிரண்டு வருஷம் இந்த வேலையில் இருக்கிறேன். நடுத்தர மெத்தையில் நாலே நாளில் யாருக்குப் புண் வரும் என்று எனக்குத் தெரியும். கேட்கவே பயமாக இருக்கிறது. மாமி, உங்கள் மகன் பீட்டர் பேரால் கேட்கிறேன். என் பிள்ளை எத்தனை கிலோ?

கிரேசி


லம்பா லைன்
26.8.2024

அன்புள்ள கிரேசிக்கு,

முப்பத்திமூணு.

ஐம்பது என்று எழுதினது பொய். போன வருஷம் இருந்த எடை அது. உண்மையை எழுதினால் "பிள்ளையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பட்டினி போட்டாளா" என்று நீ நினைப்பாயே என்று எழுதிவிட்டேன். உன் முன்னால் தலை குனியக் கூடாது என்று இருந்தேன். அந்தப் பதினேழு கிலோ அவள் இடுப்பைக் கிழித்துவிட்டது. தினம் நான்தான் மருந்து வைத்துக் கட்டுறேன், எலும்பு தெரியுது.

வயிற்றில் இருந்தது புற்று. திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். மெயின்லேண்டுக்குக் கொண்டு போகவா என்று கேட்டேன், அலைக்க வேண்டாம், வீட்டில் வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வலியில்லாமல் பார்த்துக்கொள்ள ஒரு மெத்தை, அதையும் நான்தான் கெடுத்தேன்.

வருகிறாயா? நீ வந்தால் நாம் ரெண்டு பேரும் பேசிக்கொள்ள வேண்டாம். நீ அவள் பக்கத்தில் உட்காரு, நான் அடுக்களையில் இருந்துகொள்கிறேன்.

சூசையம்மாள்


குலசேகரம்
4.9.2024

மாமிக்கு,

வருகிறேன். வியாழக்கிழமை பன்னிரண்டாம் தேதி, காலை விமானம். அதற்கு முன்னால் டிக்கெட் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் "போ, கூட நானும் வரட்டுமா" என்றார். தனியாகப் போகிறேன் என்றேன். இளக்க மெத்தை மூன்று அங்குலம் வெட்டிச் சுருட்டி வைத்திருக்கிறேன். சாமானோடு போட்டுக் கையோடு கொண்டு வருகிறேன். இருக்கிற மெத்தை மேல் அதை விரித்தால் போதும், அவள் உடம்புக்கு இறங்கிக் கொடுக்கும்.

நேற்று உங்கள் நம்பருக்குப் போன் பண்ணிவிட்டேன், மன்னியுங்கள். அவள்தான் எடுத்தாள். "ஹலோ, கோன்?" என்றாள். பிறகு "யாருங்க?" என்றாள். குரல் அப்படியே பீட்டர். போனை வைத்துவிட்டேன்.

நான் வருவதை அவளிடம் சொல்லி வையுங்கள். திடீரென்று முன்னால் போய் நின்றால் தாங்க மாட்டாள். மெத்தை விஷயத்தைத்தான் ஏற்கெனவே சொல்லியிருக்கிறீர்களே, அது நல்லதாகப் போயிற்று.

கிரேசி


லம்பா லைன்
12.9.2024, காலை

மகளே கிரேசி,

இதைத் தபாலில் போடவில்லை. ஏர்போர்ட் வாசலில் உன் பேர் எழுதின அட்டையோடு நிற்கிறவன் சிலுவைராஜ், அவன் கையில் கொடுத்திருக்கிறேன். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டு படிக்காதே.

நேற்றுக் காலையில் எட்டு மணிக்குச் சுஜி போய்விட்டாள். கஞ்சி ஆற்றிக் கொண்டுவந்தேன். ரெண்டு ஸ்பூன் குடித்தாள், மூணாவது உள்ளே போகவில்லை. விமானம் ஏறச் சென்னைக்கு ரயிலில் தனியாக வருகிறவளுக்குப் போனில் சொல்லாதே என்று நான்தான் சிலுவைராஜைத் தடுத்தேன். அது தப்பு என்றால் அதுவும் என் தப்பு.

இன்னொன்று இருக்கிறது. நீ அவளைப் பார்க்கிறதுக்கு முன்னால் தெரியணும்.

மெத்தை யார் அனுப்பினது என்று நான் சொல்லவே இல்லை. கோயில் மாதர் சங்கத்தில் கொடுத்தார்கள் என்றேன். நீ அவளைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை என்றுதான் ஆறு வயசிலிருந்து சொல்லி வளர்த்தேன். உன் கடிதத்தையெல்லாம் திருப்பி அனுப்பினதும் அவளுக்குத் தெரியாது. அந்தப் போன் யார் பாட்டி என்று கேட்டாள். ராங் நம்பர் என்றேன். "இல்ல பாட்டி, அந்தப் பக்கம் யாரோ அழுதாங்க" என்றாள்.

உன் கடிதம் திங்கட்கிழமை கைக்கு வந்தது. திங்கள் முழுக்க நேரம் இருந்தது. செவ்வாய் முழுக்க இருந்தது. புண்ணைக் கழுவும்போது சொல்லலாம் என்று இருந்தேன், பிறகு தலை துவட்டும்போது என்று இருந்தேன். வாயைத் திறந்தால், பதினெட்டு வருஷமும் பாட்டி பொய் சொன்னாள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சாகப் போகிற பிள்ளை முன்னாலும் நல்லவளாகவே இருக்க ஆசைப்பட்டேன். அவள் என்னை நம்பிக்கொண்டே போனாள்.

நாலு மணிக்குக் கோயிலுக்கு எடுக்கிறோம். நீ கொண்டு வருகிற இளக்க மெத்தையை நினைத்து, பெட்டியை மூணு அங்குலம் கூட ஆழமாக வைக்கச் சொல்லிவிட்டேன். பெட்டிக்காரன் ஒரு மாதிரி பார்த்தான். பார்க்கட்டும். அதை நீயே விரி. அவளை ஒருக்களித்தே படுக்க வைக்கலாமா என்று சாமியாரிடம் கேட்டேன், வைக்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என்னைத் தேடாதே. முதலில் அவளிடம் போ. கதவைச் சாத்திக்கொள், யாரும் உள்ளே வராமல் சிலுவைராஜ் பார்த்துக்கொள்வான். அவளைக் கேட்டு நீ கடிதம் போட்டுக்கொண்டேதான் இருந்தாய் என்று அவளிடம் சொல்லு. யார் தடுத்தது என்பதையும் சொல்லு, என் பேரைச் சொல்லு.

சூசையம்மாள்