வரைபடத்தில் நான் வைக்காத புள்ளி

பிப்ரவரி 12, 2019

மழை. அலுவலகத்தில் ஹீட்டர் மறுபடி செத்துவிட்டது. கோட்டைக் கழற்றாமலே வரைபடத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பூர்வகுடி மக்கள் இந்தக் கரையைப் பயன்படுத்தும் இடங்களுக்கு நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்: நண்டுக்கூடு இறக்கும் இடம், மரப்பட்டை உரிக்கும் இடம், மீன் புகைபோட்ட கொட்டகை நின்ற இடம். நிலம் யாருடையது என்று அரசோடு உடன்படிக்கைப் பேச்சு நடத்த, அரசே தரும் பணத்தில்தான் இந்த வரைபடம், என் சம்பளம், வழக்கறிஞர், எல்லாம். மார்ச் 31க்குள் இது போய்ச் சேராவிட்டால் அடுத்த ஆண்டுக்குப் பணம் கிடையாது. பணம் இல்லையென்றால் பேச்சும் இல்லை.

பெர்னிஸ் அக்கா எட்டிப் பார்த்தாள். எங்கள் மக்களுக்காக அந்தப் பேச்சு மேசையில் உட்கார்ந்து பேசுகிறவள் அவள்தான். “எல்லார் வீட்டுப் புள்ளியும் இருக்கு, லவீனியா. உன் மாமா வீட்டுது எங்க?” என்றாள். கேட்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 17

கேட்டிருக்கவே கூடாது.

அம்ப்ரோஸ் மாமா படகில் நண்டுக்கூட்டுக்கு வலை பின்னிக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி. அறுபத்தெட்டு வயதிலும் தனியாகக் கடலுக்குப் போகிறார். நான் கேட்டதும் கையிலிருந்த முடிச்சைப் போட்டு முடித்தார். பிறகு கடல் வரைபடத்தை விரித்து, ஒரு சின்னக் குடாவில் விரலை வைத்தார். பெரியம்மை வந்த 1862இல் எங்கள் குடும்பத்தில் செத்தவர்கள் அங்கே இருக்கிறார்களாம். பதினேழு பேர். பாதி குழந்தைகள். அம்மா இதை ஒருநாளும் சொன்னதில்லை.

“இது உனக்குத் தெரியணும். அவங்களுக்கில்ல.”

அவருடைய அப்பா காலத்தில் நில அளவைக்காரன் ஒருவனை நம்பி வேறொரு புதைவிடத்தைக் காட்டினார்களாம். அடுத்த கோடையில் யாரோ படகில் வந்து தோண்டியிருக்கிறார்கள். “மண்டையோட்டக்கூட விடலடி,” என்றார், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மார்ச் 29

வரைபடம் போய்விட்டது. அந்தப் புள்ளியை வைக்கவில்லை. இந்தக் கையால்தான் அனுப்பினேன். சரிதானே? சரிதான்.

ஏப்ரல் 16

பணம் வந்துவிட்டது, இன்னும் ஓராண்டுக்கு. ஹெர்ரிங் மீன் முட்டையும் பொரித்த ரொட்டியுமாக அலுவலகத்தில் விருந்து. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். சாப்பிட முடியவில்லை.

மே 8

மரம் வெட்ட அனுமதி தரப்போகும் இடங்களின் பட்டியல் மாகாண அரசிடமிருந்து வந்தது. ஆறாவது இடம் அந்தக் குடா.

காரணமும் எழுதியிருக்கிறார்கள்: அம்மக்கள் கொடுத்த வரைபடத்தில் இங்கே பயன்பாடு எதுவும் குறிக்கப்படவில்லை.

நான் கொடுத்த வரைபடம். ஆட்சேபணைக்கு முப்பது நாள்.

மே 9

கரையோரம் வாகனம் சத்தம் போட்டாலே மரம் அறுக்கிற மெஷின்னு தோணுது. இப்ப போய்ச் சொன்னா, முன்னாடியே ஏன் சொல்லலன்னு கேப்பாங்க. பொய் வரைபடம் கொடுத்தீங்கன்னு பணத்த நிறுத்திட்டா? நானூத்துப் பன்னிரண்டு புள்ளியும் பொய்னு ஆயிடுமே. சொல்லலன்னா — அந்தப் பிள்ளைங்க மேல ரோடு போடுவான். என்ன பண்ணுவேன் நான்.

மே 13

பெர்னிஸ் அக்காவிடம் சொல்லிவிட்டேன். வேலை போகும் என்று மேசைச் சாவியைக்கூடக் கையில் எடுத்துப் போயிருந்தேன்.

அவள் கதவைச் சாத்தினாள். பிறகு, “நான் ரெண்டு வைக்கல,” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“எங்க பாட்டி வழியில ரெண்டு இடம். நீ கேட்டப்ப ஒண்ணும் இல்லன்னேன். நம்ம மெல்வின் குடும்பத்துலயும் மறைச்சிருக்காங்க. நம்ம வரைபடம் பழைய வலை மாதிரிடி, ஓட்டைதான் ஜாஸ்தி.” சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. பயந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். எல்லோரும் பயந்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது பயம் குறையவில்லை, கூடியது.

மே 15

மாமாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “காட்டினா எடுப்பான். மறைச்சா வெட்டுவான்,” என்றார், அவ்வளவுதான். அடுத்த கூட்டம் என்றைக்கு என்று கேட்டார்.

ஜூன் 4

கூட்டத்துக்கு மாமா சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். எதிரே அரசுத் தரப்பில் மூன்று பேர். ஆட்சேபணை என்றால் இடம் எது, காரணம் என்ன என்று ஆவணம் வேண்டும் என்றாள் நடுவில் இருந்த பெண். மரியாதையாகத்தான் சொன்னாள்.

மாமா எழுந்து போய் வரைபடத்தின் மேல் கையை விரித்து வைத்தார். ஆள்காட்டி விரலில் பாதி இல்லாத கை. அந்தக் குடாவோடு கடற்கழியின் வடகரை முழுவதும் அதற்கடியில் போய்விட்டது.

“இதுக்குள்ள எங்க ஆளுங்க இருக்காங்க.”

எந்த இடத்தில் என்று கேட்டாள்.

“உங்க அம்மாவ எங்க வச்சிருக்கீங்கன்னு நான் கேக்கலியேம்மா.”

பெர்னிஸ் அக்கா பென்சிலை என் பக்கம் தள்ளினாள். மாமாவின் கையைச் சுற்றிக் கோடு இழுத்தேன். பாதி விரல் இருந்த இடத்தில் கோடு உள்ளே வளைந்தது.

ஜூன் 21

பதில் இல்லை.

ஜூலை 2

பதில் இல்லை. மாமா போனை எடுப்பதில்லை. கடலில் இருப்பார். இருக்க வேண்டும்.

ஜூலை 19

கடிதம் வந்தது. கோட்டுக்குள் மரம் வெட்டுவது நிறுத்தம். இடம் கேட்கவில்லை. ஆனால் “பேச்சு நடைபெறும் காலம் வரை” என்று இருக்கிறது. மூன்று முறை படித்தேன். பேச்சு நடப்பது அவர்கள் தரும் பணத்தில். பணம் ஓராண்டுக்கு ஓராண்டுதான். அப்படியென்றால் அந்தப் பதினேழு பேரும் இனி மார்ச்சுக்கு மார்ச் தவணையில் தூங்க வேண்டும்.

பெர்னிஸ் அக்கா அடுத்த ஆண்டு விண்ணப்பத்தை இன்றே எடுத்து வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 3

காலையில் மாமா படகோடு வந்து நின்றார். வா என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. எஞ்சினை வெகு தூரத்திலேயே அணைத்துவிட்டுத் துடுப்புப் போட்டார். கரையில் இறங்கியதும் அவர் எங்கள் மொழியில் அங்கே இருப்பவர்களிடம் எங்கள் பெயர்களைச் சொன்னார், முதலில் தன்னுடையதை, பிறகு என்னுடையதை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அங்கேயே நின்றேன்.

எத்தனை நேரம் போனோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.