நவாப் காசு இல்லை

வெள்ளிக்கிழமை, இரவு.

கொள்ளுத்தாத்தாவின் பழைய பங்களாவை அண்ணன் ஹோட்டலாக்குகிறார். தோட்டத்தில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடியதில் பித்தளைக் காசுகள் கிடைத்தன. "ஆற்காட்டு நவாப் நம்ம குடும்பத்துக்குக் குடுத்தது" என்று வாசலில் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்.

ஒன்றை எடுத்து எலுமிச்சை தேய்த்தேன். ஒரு பக்கம் இதே வளாகத்தில் அந்தக் காலத்தில் இருந்த எங்கள் தோல் ஷாப்பின், அதாவது தோல் பதனிடும் ஆலையின், பெயர்; மறுபக்கம் 41. தொழிலாளிகள் வாசல் கேட்டில் காட்டிவிட்டு வேலைக்கு நுழைய, ஆளுக்கொரு எண் போட்டுக் கொடுத்த வில்லை.

"நவாப் காசுன்னே இருக்கட்டுமே, உனக்கு இன்னா பேஜாரு?" என்றார் அண்ணன்.

"தோல் கழுவுனவங்களுது. அப்படித்தான் எழுதுவேன்."

எழுதி ஒட்டினேன். கிழித்தார். மறுபடி ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். நாளைக்கும் கிழிக்கட்டும், என்னிடம் பசை நிறைய இருக்கிறது. நவாப் அந்த வாசலை மிதித்ததே இல்லை. நாற்பத்தொன்று தினமும் வந்திருக்கிறார்.