முதல் மனுதாரர், இரண்டாம் மனுதாரர்

1978, நவம்பர் 6, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. மாலாவின் யூனிபார்மை இஸ்திரி போட்டே காய வைத்து அனுப்பினேன்.

நேற்று சாயங்காலம் அவள் அப்பா கொண்டுவந்து விட்டுப் போனதிலிருந்து ஒரே பேச்சு. கும்மிடிப்பூண்டி வீட்டில் இறால் தொக்காம். "சித்தி உரிச்சி உரிச்சி வாயில குடுத்தாங்கம்மா."

சித்தி. ஏழு வயதுக் குழந்தைக்கு இந்த வார்த்தை தானாகவா வரும்?

பழவேற்காட்டுக்காரி. இறால் ஆக்கத் தெரியாமல் இருக்குமா. எனக்கு அந்த வாடையே ஆகாது. இன்று கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். பாதி தட்டிலேயே கிடந்தது.

அவள் பெயர் விஜயா. இந்த நோட்டில் எழுதக் கூடாது என்றிருந்தேன். எழுதியாயிற்று.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய். மாலாவுக்கு ஷூ. கோர்ட்டில் விவாகரத்துத் தீர்ப்பின் நகல் (ஆபீஸில் குடும்ப விவரம் மாற்றக் கேட்கிறார்கள்).

நவ. 8, புதன்

மழை விட்டிருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மதிய ஷிப்ட். அதற்கு முன்னால் கோர்ட்டுக்குப் போய் நகலை வாங்கி, வராந்தாவிலேயே நின்று படித்தேன்.

நான்காவது பத்தி: குழந்தை முதல் மனுதாரரின் பொறுப்பில் வளரும். இரண்டாம் மனுதாரர் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் குழந்தையை அழைத்துச் சென்று மாலைக்குள் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும்.

முதல் மனுதாரர் அவர். இரண்டாம் மனுதாரர் நான்.

பேசி முடித்தது நேர் எதிர். இத்தனை மாதமாக நடப்பதும் நேர் எதிர். காகிதத்தில் மட்டும் என் பெண் அவர்கள் வீட்டுப் பெண். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியவள் நான்.

வேலையில் கை ஓடவில்லை. திருத்தணி கேட்டவருக்கு அரக்கோணம் போட்டுக் கொடுத்தேன். சூப்பர்வைசர் முறைத்தார்.

கையெழுத்துப் போட்ட அன்று நான் படிக்கவில்லை. படிப்பது போலக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வேப்பமரத்தடியில் மஞ்சள் சேலையில் ஒருத்தி. கையில் அவருடைய குடை. அது நான் வாங்கிய குடை.

நவ. 9, வியாழன்

வக்கீல் வீடு. முதலில் டைப்பிஸ்ட் மேல் பழி போட்டார். பிறகு பழைய கட்டைப் பிரித்து அவரே எழுதிய வரைவை எடுத்தார். அதில் சரியாக இருக்கிறது. நல்ல பிரதியில் இடம் மாறிவிட்டது. தட்டெழுதி வந்ததை அவரும் சரி பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிழை திருத்த மனு போடலாமாம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் சுலபம். அவர் மறுத்தால் என்று கேட்டேன்.

"மறுத்தா வழக்கு நடத்தணும்மா. அவருக்கு விஷயம் தெரியுமான்னு மொதல்ல பாருங்க. தெரியலைன்னா பேசாம இருந்துடறதும் ஒரு வழிதான்."

தப்பு வக்கீலுடையது, பேசாமல் இருக்க வேண்டியது நான். இப்போதே மனுவை டைப் அடித்துக் கொடுங்கள், வாங்காமல் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். டைப்பிஸ்ட் லீவு. அவரே மெஷின் முன்னால் உட்கார்ந்து தட்டினார். இந்த முறை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன்.

நவ. 10, வெள்ளி

மாலா படம் வரைந்தாள். ஒரு வீடு, வாசலில் மூன்று பேர். நடுவில் குட்டைப் பாவாடை, அது அவள். இந்தப் பக்கம் மீசை. அந்தப் பக்கம் நீலச் சேலை. என்னிடம் நீலச் சேலை கிடையாது. யாரென்று கேட்கவில்லை. நல்லா இருக்கு என்றேன்.

தபாலில் அனுப்பலாமா மனுவை? வேண்டாம். நேரில்தான் போக வேண்டும்.

அவள் அங்கே இருப்பாளே.

நவ. 12, ஞாயிறு

இது அவருடைய முறை இல்லாத ஞாயிறு. மாலாவைப் பக்கத்துப் போர்ஷன் அக்காவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். பெரியபாளையம் வழியாகப் பஸ். வழியெல்லாம் வயலில் தண்ணீர். கவரைப்பேட்டை தாண்டியதும் ஃபாக்டரிப் புகை. இரும்பு ஆலைக்குப் பின்னால் வரிசை வீடுகள், மூன்றாவது கதவு.

அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். என் வீட்டில் இருந்தவரை ஒரு டம்ளரை எடுத்து வைத்தது கிடையாது.

"இன்னா, மழையில வந்துகினு" என்றார். மாலாவுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று பதறினார். இல்லை என்று நகலையும் மனுவையும் நீட்டினேன். ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

"இதுல தப்பு இன்னா கீது? இப்பிடியே இருந்துட்டுப் போவட்டும். கொழந்த இங்க சந்தோசமாத்தான இருந்துகினு கீது."

வக்கீல் சொன்னது, பேசி முடித்தது, எதுவும் நினைவுக்கு வரவில்லை. சமையலறை வாசலில் அவள் வந்து நின்றாள்.

"கையெழுத்து போட்டுக் குடுங்க. பெத்தவ கேக்குறாங்க."

நீ சும்மா இரு என்றார் அவர்.

"நான் சும்மா இருந்தா, இவங்க புள்ளைய நான் புடுங்கிக்கினேன்னு ஊரு சொல்லும். எனக்கு அந்தப் பேரு வாணாம்."

குரலை உயர்த்தவே இல்லை. உள்ளே போய்ப் பேனா கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் அவளைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

அப்போதுதான் கவனித்தேன். ஐந்து மாதம் இருக்கும். நீலச் சேலை.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள், அக்கா என்று கூப்பிட்டு. பஸ் போய்விடும் என்றேன். தண்ணீர் மட்டும் குடித்தேன்.

பஸ்ஸில் நன்றி வரவில்லை. தனக்குப் பிறக்கப்போவது மட்டும் அந்த வீட்டில் வளர வேண்டும் என்று சொன்னாளோ? நிஜமாகவே எனக்காகவோ? எதுவாக இருந்தால் என்ன. அவள் சொன்னாள், அவர் செய்தார். எட்டு வருஷத்தில் நான் சொல்லி அவர் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டதில்லை. பெரியபாளையம் வரை அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். மனு மடியில் இருந்ததே மறந்துவிட்டது.

நவ. 22, புதன்

கோர்ட். நீதிபதி இரண்டு பேரையும் கேட்டார். இரண்டு பேரும் தலையாட்டினோம். திருத்தம் ஆயிற்று. வக்கீல் ரொம்ப மரியாதையாக வாசல்வரை வந்தார்.

மாலா இனி காகிதத்திலும் என்னுடையவள்.

அவர் தனியாகத்தான் வந்திருந்தார். வேப்பமரத்தடியில் யாரும் இல்லை. போய்ப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன்.

டிச. 3, ஞாயிறு

மூன்று நாளாக அடைமழை. மாலா நேற்றே அங்கே போயிருந்தாள். எனக்கு இன்று ட்யூட்டி, அதனால் ஒரு நாள் முன்னாலேயே அனுப்பியிருந்தேன். வெங்கல், பெரியபாளையம் என்று எங்கே பார்த்தாலும் வெள்ளம், ஆரணி ஆற்றைத் தாண்ட முடியவில்லை என்று வருகிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

சாயங்காலம் கும்மிடிப்பூண்டியிலிருந்து கால். ஃபாக்டரி கேட்டிலிருந்து பேசினார். பஸ் நின்றுவிட்டது, நாளைக்குத்தான் கொண்டுவர முடியும் என்றார். மாலைக்குள் என்று காகிதத்தில் இருக்கிறது. என் ஹேண்ட்பேகிலேயே இருக்கிறது. சரி என்றேன். குழந்தையிடம் கொடுங்கள் என்றேன்.

"அம்மா, சித்தி வயித்துல பாப்பா ஒதைக்குதும்மா. என் கைய எடுத்து வெச்சிக்கினாங்க. மீனு மாதிரி துள்ளுது. நாளைக்கும் லீவு போட்டுட்டு இங்கயே இருக்கட்டா?"

பக்கத்து சீட்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரு என்றேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். மாலா என் வயிற்றில் இருந்தபோது இடது பக்கம்தான் உதைப்பாள். அவளிடம் இதுவரை அதைச் சொன்னதே இல்லை. சொல்ல வாயெடுத்தேன்.

லைன் கட்.