மண்ணுக்குக் கொடுத்த முட்டைகள்

ஜூன் 4, புதன்

இல்லை, யாரோடும் பேசாமல் ஒன்றும் இருந்துவிடவில்லை. கோழிகளோடு பேசுகிறேன். அக்கா அதைக் கணக்கில் சேர்க்க மாட்டாள். வேலை கிடைத்து வெளிநாடு போனவள் இந்த வீட்டையும் நான்கு கோழிகளையும் என்னிடம் விட்டுப் போனாள். ஞாயிறுதோறும் அழைத்து, யாரோடாவது பேசுகிறாயா என்று கேட்கிறாள்.

என் வேலைக்கு வாய் தேவையில்லை. மெய்ப்பு மின்னஞ்சலில் வரும், பிழை திருத்தியதும் மின்னஞ்சலில் போகும்.

பின்சுவருக்கு அப்பால் தையல்காரம்மா இருக்கிறார். அவரை எனக்குக் கழுத்துக்கு மேலேதான் தெரியும். காலையில் சுவர்மேல் ஒரு முட்டை வைப்பேன். தையல் மெஷின் நிற்கும். ஒரு முகம் எழும், ஒரு கை வரும். "டீச்சர் இன்னைக்குப் பாஸா?" என்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டதுபோல நடக்கும் செம்பட்டைக் கோழிக்கு அவர் வைத்த பெயர் டீச்சர். அவள் முட்டை இட்டிருந்தால் பாஸ் என்பேன், இல்லாவிட்டால் ஃபெயில். மெஷின் மறுபடி ஓடும்.

ஒரு நாளைக்கு ஒரு சொல்.

சில நாட்களாக டீச்சர் ஃபெயில்தான்.

ஜூன் 5, வியாழன்

டீச்சரைத் தூக்கினேன். இறகைத் தூக்குவதுபோல இருந்தது. நெஞ்செலும்பு கத்தி முனையாகக் கையில் இடறியது. கொண்டை வெளுத்திருக்கிறது. நன்றாகத்தான் தின்கிறாள். தின்றது எங்கே போகிறது?

கூட்டைச் சுத்தம் செய்யும்போது தெரிந்தது. எச்சத்தில் வெள்ளை நூல். குனிந்து பார்த்தேன். நெளிந்தது.

ஜூன் 6, வெள்ளி

குடற்புழு என்றார் கால்நடை மருத்துவர். ஒன்றுக்கு இருந்தால் நான்குக்கும் இருக்கும். சாயங்காலமே தண்ணீரை எடுத்துவிட வேண்டும். காலையில் தாகத்தோடு வரும்போது மருந்து கலந்த தண்ணீர் மட்டும்தான் வைக்க வேண்டும், வேறு தண்ணீர் கண்ணில் படக் கூடாது. கூட்டுத் தரையின் மரத்தூளை அடியோடு மாற்ற வேண்டும். மருந்து முட்டையில் இறங்கும், அதனால் அவர் சொல்லும் வரை முட்டையைத் தொடக் கூடாது.

இதுவரை சாப்பிட்டது? அதில் ஒன்றும் இல்லை என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "மண்ணக் கிளறித் தின்னுற எதுக்கும் பூச்சி வரும்மா. இதுல வெக்கப்பட என்ன இருக்கு?"

இருக்கிறது. இப்படி நெளிகிறதை வயிற்றில் வைத்திருந்த கோழியின் முட்டையைத்தான் உங்களுக்குத் தந்தேன் என்று தையல்காரம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொன்ன பிறகு அந்தக் கை சுவருக்கு வருமா?

ஜூன் 8, ஞாயிறு

நேற்றுச் சாயங்காலம் தண்ணீரை எடுத்தேன். காலையில் மருந்து கலந்து வைத்துவிட்டு மெய்ப்புக்குத் திரும்பிவிட்டேன். மாலையில் பார்த்தால் தட்டில் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. கசக்கும் போல.

முட்டைகளைத் துணிக்கொடிக் கம்பத்தருகே குழி தோண்டிப் புதைத்தேன். இன்னும் சூடாக இருந்தன.

அக்கா அழைத்தாள். முதலில் கோழிகள் எப்படி, பிறகு நீ எப்படி. "நல்லா இருக்கோம்" என்றேன். பன்மை. அவள் கவனிக்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

மெஷின் நின்றது. சுவர் வெறுமையாக இருந்தது. மெஷின் ஓடியது.

ஜூன் 12, வியாழன்

சுவருக்கு மேல் அவர் முகம். "டீச்சர்னு ஒருத்தி இருந்தாளே, ரிட்டயர் ஆயிட்டாளா?"

இப்ப முட்டை எதுவும் இல்ல ஆன்ட்டி என்றேன். நகத்துக்குள் குழி தோண்டிய மண். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன், டீச்சரைப்போல.

ஜூன் 14, சனி

இன்று மெஷின் நிற்கவே இல்லை.

ஜூன் 20, வெள்ளி

மறுபடியும் நூல். முன்பைவிட அதிகம். டீச்சர் கூட்டு ஏணியில் ஏற முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறாள்.

தொலைபேசியில் மருத்துவர்: "குடிச்சுதா? நீங்க கண்ணால பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. நாளைச் சாயங்காலம் மறுபடி தண்ணீரை எடுக்கச் சொன்னார். இந்த முறை பக்கத்திலேயே உட்கார வேண்டுமாம். தாமதித்தால் டீச்சர் தாங்க மாட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

உட்கார்ந்தேன். நால்வரும் வந்தார்கள். மருந்துத் தண்ணீரில் அலகை நனைத்தார்கள், தலையை உதறினார்கள், போய்விட்டார்கள். வரிசையாக. டீச்சர் கடைசியில், தள்ளாடி. சுவரின் மூலையில் செங்கல் பெயர்ந்த ஓட்டை இருக்கிறது. அதன் வழியே அந்தப் பக்கம்.

குப்புறப் படுத்துப் பார்த்தேன். நீல நிறப் பேசின். தெளிந்த தண்ணீர். மக்கிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்த கை.

"குடிங்கடி. ஒரு வாய்த் தண்ணி வைக்கக்கூட அவளுக்கு மனசில்ல."

எழுந்திருக்கத் தோன்றவில்லை. கன்னத்தில் மண். அவரும் கோழிகளோடுதான் பேசுகிறார்.

சுவருக்கு மேல் எட்டிச் சொல்கிற விஷயமா இது? முதல்முறையாகத் தெருவைச் சுற்றி அவர் வாசலுக்குப் போனேன். கழுத்தில் அளவு நாடாவோடு கதவைத் திறந்தார். என் தோளுக்குத்தான் வந்தார். இத்தனை நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் எதன்மேலோ ஏறி நின்றிருக்கிறார், ஒரு முட்டைக்கு.

எல்லாவற்றையும் தாறுமாறாகச் சொன்னேன். நூல், மருந்து, தாகம், பேசின். "சொன்னா நீங்க அருவருப்பா நெனச்சிருவீங்கன்னு... வேற யாரு இருக்கா எனக்கு இங்க?"

இதைச் சொல்வதாக இல்லை. வந்துவிட்டது.

அவர் நாடாவைச் சுருட்டினார், பிரித்தார். நான் முதல்முறை தண்ணீரை எடுத்ததற்கு மறுநாள் காலையில், மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது கோழிகள் வாயைத் திறந்துகொண்டு நின்றதைப் பார்த்தாராம். தட்டு காலியாக இருந்ததாம். அதனால்தான் பேசின். அப்புறம் என்னையும் பார்த்திருக்கிறார்.

"குழி தோண்டிட்டு இருந்த. எனக்குக் குடுக்க மனசில்லாம மண்ணுக்குக் குடுக்குறாளேன்னு நெனச்சேன். ரெண்டு நாள் சரியாவே சாப்பிடல, தெரியுமா?"

கன்னத்து மண்ணைப் புறங்கையால் துடைத்தேன்.

"பூச்சிக்கா இவ்ளோ? சின்ன வயசுல எனக்கே எங்கம்மா பூச்சி மருந்து குடுத்திருக்காங்க. பக்கத்துல நீ இருந்திருந்தா என்னையும் பொதச்சிருப்ப."

ஜூன் 23, திங்கள்

பேசின் கவிழ்ந்து கிடக்கிறது. தையல்காரம்மா ஓட்டையைப் பலகையால் அடைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தார். டீச்சரைத் தவிர மற்ற மூவரும் முணுமுணுத்தபடி மருந்துத் தண்ணீரைக் குடித்தார்கள். நான் கண்ணால் பார்த்தேன்.

டீச்சருக்கு மருந்தைச் சொட்டுக்குழாயால் வாயில் விடச் சொல்லியிருந்தார் மருத்துவர். வெட்டுத் துணியில் அவளைச் சுற்றி மடியில் பிடித்துக்கொண்டார் தையல்காரம்மா. விரல்கள் நெஞ்செலும்பைத் தடவின. "இவளுக்கு அளவே இல்லையே. எத வெச்சு சட்டை தைக்குறது?" என்றார். சிரிக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

ஜூலை 7, திங்கள்

மறு மருந்து. அவர் பிடித்தார், நான் விட்டேன். டீச்சர் என் கையைக் கொத்தினாள். பலமாக.

ஜூலை 27, ஞாயிறு

எச்சத்தில் நூல் இல்லை. இன்றிலிருந்து முட்டையைச் சாப்பிடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். டீச்சரின் கொண்டையில் சிவப்பு ஏறுகிறது. ஏணியிலும் ஏறுகிறாள். பரீட்சையில் மட்டும் இன்னும் ஃபெயில்.

அக்கா அழைத்தாள். வெளியே கிளம்பிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்றேன். எங்கடீ என்று கேட்டாள், நம்பாமல்.

நால்வரில் ஒருத்தியான கறுப்பி இட்ட முட்டையைத் துணியில் சுற்றினேன். சுவர்மேல் வைக்கவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருவைச் சுற்றிப் போனேன்.